பெற்றவள் மேல் ஒரு கேஸ்

மயிலாப்பூர்
12-6-94

அன்பு மகளுக்கு,

உன் அண்ணன் மகள் லாவண்யா பத்தாவதில் பள்ளியிலேயே முதல். அவள் அண்ணன் ஸ்ரீஹரிக்குத் தரமணியில் பாலிடெக்னிக் கிடைத்துவிட்டது. உன் மகன் பிள்ளைகள் ஹோமில் ஓடி ஜெயித்த கோப்பை என்னிடம்தான் இருக்கிறது.

நீ அவனை அந்த அரசாங்க ஹோமிலிருந்து சொல்லாமல் கூட்டிப்போன மறுநாளே போலீஸ்காரர் வந்தார். பெற்றவள் கூட்டிப்போனால் அது எப்படிக் கடத்தல் ஆகும் என்று விடாமல் கேட்டேன்.

"கோர்ட்டு சொல்ற வரைக்கும் புள்ள சர்க்கார் பொறுப்பு. அம்மாவா இருந்தாலும் ஜெயில்தான். இன்னா பாட்டிமா, அஞ்சாவதுதான் படிச்சேன்ற, வக்கீலாட்டம் கேக்குற!" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீயே கொண்டுவந்து விட்டால் ஜட்ஜ் இரங்குவாரா என்றும் கேட்டேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தேடுவதற்கென்று சுவரிலிருந்த அவன் போட்டோவை எடுத்துப் போய்விட்டார். புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. நீ இருக்கிற ஊரில் போடாதே, உறைமேல் ஊர் முத்திரை விழும்.

இப்படிக்கு,
அம்மா