பட்டியலில் இல்லாத பதினாலு

பிப்ரவரி 3, செவ்வாய்

மறுபடியும் அதே கனவு. முட்டி வலிக்கவே இல்லை. ஓடுகிறேன், எழும்புகிறேன், ஆனால் கீழே இறங்குவதில்லை. மேலேயே நின்றுகொண்டு மைதானத்தையும், சுற்றுச்சுவரையும், துணி காயும் மொட்டை மாடிகளையும் நிதானமாகப் பார்க்கிறேன். பந்து பக்கத்தில் மிதக்கிறது. கொக்குதான் உலுக்கி எழுப்பினாள். "அக்கா, தூக்கத்துல கட்டிலை உதைக்கற. அதுவும் அடிபட்ட காலாலயே." அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

கொக்கு என்று தங்கைக்குப் பெயர் வைத்தவள் நான்தான். பத்து வயதிலேயே கழுத்தும் காலுமாக வளர்ந்து நின்றாள். இப்போது என் கல்லூரியிலேயே முதல் வருடம், நான் இருந்த கூடைப்பந்து டீமிலேயே.

இன்று புது ஜெர்சிக்கு நம்பர் கேட்டார்கள். என் எதிரே வந்து, சுவரில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டே, "பதினாலை நான் போட்டுக்கட்டுமாக்கா?" என்றாள்.

"அது என்னோடது. நான் திரும்பி வருவேன்ல?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஒன்பதை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

என் பதினாலு அலமாரியில், இரண்டாம் தட்டில் மடித்தபடி இருக்கிறது. போன மார்ச்சில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எழும்பி இறங்கும்போது முட்டி திரும்பி லிகமெண்ட் கிழிந்தது. அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறது. கூடப்பிறந்தவளுக்கு ஒரு நம்பரைக் கொடுக்க மனசு வரவில்லை. என்ன ஜென்மமோ நான்.

பிப்ரவரி 5, வியாழன்

மாலைப் பயிற்சி. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு டேபிள் வேலை. ஸ்கோர் தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். கூடை விழுந்தால் அந்த எண்ணை அடித்து, பக்கத்தில் போட்டவளின் ஜெர்சி நம்பரை எழுத வேண்டும். கேட்டால் எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மாஸ்டர் இன்றும் சொன்னார்: "பந்தைப் பாக்காத. முதுகைப் பாரு. பந்தைப் பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க. முதுகைப் பாக்க நீ ஒருத்திதான்."

தெரிகிறது. ஆனால் கொக்கு எறியும்போது எப்படி முதுகைப் பார்ப்பது? எறிந்த பிறகும் கையை இறக்காமல், சுண்டுவிரலைக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பாள், பந்துக்கு வழி சொல்கிற மாதிரி. அது என் கை. பின்சுவரில் அப்பா வெல்டிங் வைத்துக் கொடுத்த வளையத்தில் நான் எறிய, இவள் எடுத்துப் போட்டுக்கொண்டே நிற்பாள். பார்த்துப் பார்த்தே திருடிவிட்டாள்.

எங்கள் தார் மைதானத்தில் இடது மூலையில் ஒரு குழி. தண்ணீர் தேங்கும். எல்லோரும் அதைச் சுற்றித்தான் ஓடுவோம். வேடிக்கை என்னவென்றால், வெளியூரில் வழவழப்பான மரத்தரையில் ஆடினாலும் எங்கள் பெண்கள் இடது மூலை வந்ததும் இல்லாத குழியைச் சுற்றி வளைந்துதான் ஓடுகிறார்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அரையிறுதியில் யாருடன் என்று தெரிந்துவிட்டது. ஆறு வருடமாகக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும் கல்லூரி. போன முறை எங்களை நாற்பத்தொரு பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். நாங்கள் அரையிறுதி வரை வந்ததே குருட்டாம்போக்கில் என்று ஊரே சொல்கிறது. அவர்களிடம் ஒரு தடுப்பாட்டக்காரி இருக்கிறாள், எங்கள் வாயில் அவள் பெயர் தூண். கையை உயர்த்தினால் வெளிச்சமே மறையும்.

"தூணைச் சுத்தித்தான் கொக்கு பறக்கும்" என்றாள் அம்மா. பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் தன் வாய் மூடாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். என் முட்டி நீல நிறத்தில், கடலுக்கு அடியில் கிடப்பது போல இருந்தது. அழகாகக்கூட இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது முதலில் காதில் ஏறவில்லை.

"நடக்கலாம்மா. மாடி ஏறலாம். நீச்சல் நல்லது. குதிச்சு இறங்கற வேலை மட்டும் வேணாம்."

"எத்தனை மாசத்துக்கு டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாசக் கணக்கு இல்லம்மா."

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். நடக்கலாம்னுதான் சொல்லிட்டாரே. நல்லா நட. எத்தனை நாள் அந்தச் சட்டையை மடிச்சு மடிச்சு வெச்சே? எதுக்கு? சின்னப் பொண்ணு ஆசையா கேட்டப்ப கொடுத்திருக்கலாம்ல? — அழுகைகூட வரல. பசிச்சது. கடையில நின்னு ஒரு ரொட்டி முழுக்கத் தின்னேன்.

பிப்ரவரி 11, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு ஆட்டம். சொல்கிற நேரமா இது?

பிப்ரவரி 12, வியாழன்

ஜெயித்தோம். 61–60. இரண்டு முறை எழுதிப் பார்க்கிறேன். 61–60.

ஆனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மதிய ஆட்டம். பெரிய அரங்கம், உயரத்தில் கண்ணாடிச் சன்னல்கள், வெயில் சரிவாக விழுந்து மரத்தரை தேன் நிறத்தில் கிடந்தது. டேபிளில் ஸ்கோர் தாள் எங்கள் பொறுப்பு, கடிகாரம் அவர்கள் பொறுப்பு. முதல் பாதியில் ஒழுங்காகத்தான் எழுதினேன், முதுகு பார்த்து. பதினொரு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். மூன்றாவது பகுதியில் கொக்குக்கு ஏதோ ஆயிற்று. எங்கிருந்து எறிந்தாலும் விழுந்தது. தூண் கையை நீட்டினால் இவள் இன்னும் கொஞ்சம் உயரமாக எறிந்தாள். அவ்வளவுதான்.

இரண்டரை நிமிடம் இருக்கும்போது 55–60. அங்கேதான் எனக்குச் சத்தமெல்லாம் நின்றுபோனது. கூட்டம் கத்துகிறது, வாய்கள் அசைகின்றன, எனக்குக் கேட்கவில்லை. பந்து வெயிலுக்குள் போய்த் தங்கச் சருகு மாதிரி மெதுவாகத் திரும்பி வந்தது. கனவில் நிற்பது போல நான் மேலே நின்றேன். முட்டி வலிக்கவில்லை. 57. திரும்ப ஒருமுறை. 59. கடைசி ஒன்பது நொடியில் கொக்கு இடது மூலைக்கு வந்தாள். தூண் நேராக வழியை மறித்தாள். யாராக இருந்தாலும் நேராகத்தான் ஓடுவார்கள். இவள் எங்கள் ஊர்க் குழியைச் சுற்றி வளைந்தாள். தூண் ஒரு அடி தவறினாள். அந்த ஒரு அடி போதும். சுண்டுவிரல் மேலே நின்றது. 61.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். மாஸ்டர் தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது எதிரணி மேனேஜர் தாளின் மேல் விரலை வைத்தார். "இது யாரு, பதினாலு?"

குனிந்து பார்த்தேன். 57-க்குப் பக்கத்தில் பதினாலு. 59-க்குப் பக்கத்தில் பதினாலு. 61. பதினாலு. என் கையெழுத்து, அச்சுக் குத்தின மாதிரி.

"பட்டியல்லயே இல்லாத ஆளு போட்ட கூடைக்கு எப்படி சார் பாயின்ட்? இந்த ஆறையும் எடுங்க" என்றார் மேனேஜர். போர்டில் தெரிவது விளம்பரத்துக்கு, தாளில் இருப்பதுதான் கணக்கு, அது எல்லோருக்கும் தெரியும். நடுவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உள்ளே குதித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

நடுவர் என்னிடம் கேட்டார். "யாரும்மா போட்டது?"

"ஒன்பது சார். மூணும் ஒன்பதுதான்."

"அப்ப பதினாலு யாரு?"

"நான் சார்."

"நீ ஆடவே இல்லையே?"

"ஆடல சார். இனிமே ஆடவும் முடியாது. செவ்வாய்க்கிழமை டாக்டர் சொல்லிட்டாரு. நான்... பாத்துக்கிட்டே இருந்தேன். கை அதுவா எழுதிடுச்சு."

அத்தனை பேர் முன்னால். மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொக்குக்கும் அப்போதுதான். அவள் பந்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சொந்த டீமுக்கு அவ வேற என்ன சொல்லுவா?" என்றார் மேனேஜர். நியாயம்தானே. நான் சொன்னால் யார் நம்புவார்கள்? என்னால் போயிற்று, என் ஒரு நம்பரால் எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

தூண் வந்தாள். முகம் துடைத்த துண்டு தோளில். அழுதிருந்தாள், கண் சிவந்திருந்தது. "ஒன்பதுதான் சார்" என்றாள். "மூணும் என் கைக்கு மேலதான் போச்சு. எனக்குத் தெரியாதா?"

மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். அவள் கண்டுகொள்ளவில்லை, போய் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நடுவர் மூன்று பதினாலையும் அடித்து, ஒன்பது என்று எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னக் கையெழுத்துப் போட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கொக்கின் கணக்கு இருபத்தைந்திலிருந்து முப்பத்தொன்றாயிற்று. பாவி, அந்த ஆறும் சில நிமிடம் என் பெயரில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

கல்லூரி வாசலில் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று பேராசிரியர் ஒருவர் சொன்னாராம். "சறுக்கல சார், தள்ளினோம்" என்றாளாம் கொக்கு. வெளியில் அவ்வளவு பேசுகிறவள் வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்ட தட்டை மட்டும் என்னுடையதையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேற ஆளைப் போட்டுக்குங்க மாஸ்டர்." அவர் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்மா நீ" என்றார். கேலியே இல்லை. அதுதான் தாங்கவில்லை. போகும்போது, "இறுதி ஆட்டத்துக்குப் பேனா கொண்டு வா, மறந்துடாத" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் பதினாலை எடுத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, அவள் கட்டிலில் வைத்தேன். பிறகு அறையில் இருக்கப் பிடிக்காமல் மாடியில் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தாள். சட்டையை மார்போடு பிடித்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமையே தெரியும்ல? ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"ஆட்டம் இருந்துச்சுல்ல."

"ஆட்டம் கெடக்கு." மூக்கை உறிஞ்சினாள். பிறகு வழக்கமான குரல் வந்தது. "சரி, இதை நான் போட்டுக்கறேன். பாசத்துல இல்ல. நீ மறுபடியும் கனவு கண்டு பதினாலுன்னு எழுதி வெச்சா, அது சரியா இருக்கணும்ல?"

சிரித்தேன், அழுதேன், இரண்டையும் அவளே பார்த்தாள். தோளில் தலையை வைத்துக்கொண்டாள். அதற்கு அவள் பாதியாக மடங்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

தேர்வு. நீச்சல். கனவு எதுவும் இல்லை.

மார்ச் 7, சனி

இறுதி ஆட்டம். நான்கு பாயின்ட்டில் தோற்றோம். யாரும் அதிகம் அழவில்லை. திரும்பும்போது வேனில் பாட்டுக்கூடப் பாடினார்கள். தூண் பார்வையாளர் வரிசையில் இருந்தாள். கொக்கு இல்லாத குழியைச் சுற்றி வளையும்போதெல்லாம் அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

ஒன்று எழுத வேண்டும். முதல் கூடையைக் கொக்குதான் போட்டாள். பதினாலாம் நம்பர் சட்டை, என் சட்டை, அவளுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழேதான் எட்டியது. வெயில் இருந்தது, பந்து மெதுவாகத்தான் வந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா இரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் தானாக ஒன்பது என்று எழுதிவிட்டது.

கடிகாரக்காரர் எட்டிப் பார்த்து, "பதினாலும்மா" என்றார்.

"ஆமா சார்" என்று சொல்லித் திருத்தினேன்.