ஹூன்சூ கலந்த பெட்ரோல்

போஹிகோன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி செனூவுக்கு,

அண்ணி அகுவாவி எழுதுகிறேன். நானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, சந்தை வரை நடந்து போய் வருகிறார். லிப்ரவில்லில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய். ஈரச் சட்டையோடு வேலைக்குப் போகாதே.

ஆண்டுக் கடைசியில் வரப் போவதாகவும், வந்ததும் நம் வீட்டுக்குக்கூட வராமல் நேராக ஹூன்சூ வீட்டுக்குப் போகப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். கத்தியைப் பற்றி எழுதிய வரியை அத்தைக்கு நான் படித்துக் காட்டவில்லை. தம்பி, அந்த வேலையை நானே முடித்துவிட்டேன். மற்றவர்கள் வாயால் உனக்குத் தெரிவதற்கு முன் என் கையால் எழுதிவிடுகிறேன். போனில் உனக்கு எல்லாமே அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் விலை ஏறிய வாரத்தில் இங்கே முந்நூறுக்கு விற்ற பெட்ரோல் அறுநூற்றைம்பதுக்குப் போனது. பைக்கில் ஆள் ஏற்றி ஸெமி ஓட்டுகிறவர்கள் பாடு உனக்குத் தெரியும், நீயும் ஓட்டியவன்தானே. சவாரிக் கட்டணத்தை ஏற்றிக் கேட்டால் ஆட்கள் நடந்தே போனார்கள். உன் அண்ணன் மதியச் சாப்பாட்டை விட்டார். சவாரி கிடைக்கும் வரை வண்டியை அணைத்து, காலால் உந்தியே கொண்டுபோவார். அப்போது ஊரில் பாட்டிலில் பெட்ரோல் விற்கும் சாலையோர மேசைகளில் ஒன்றில் மட்டும் நூறு பிராங்க் குறைவாகக் கிடைத்தது. நாற்சந்தியில் ஹூன்சூ போட்டிருந்த மேசை. "ஹூன்சூ மாமாவுக்கு நம்ம மேல இரக்கம் இருக்கு அகுவாவி" என்று உன் அண்ணன் சொன்னார். நானும் நம்பினேன். எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுத் தந்த மனிதர் இல்லையா.

இரண்டு வாரத்தில் வண்டி இருமத் தொடங்கியது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டி, மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றான். உன் அண்ணன் போய்க் கேட்டபோது ஹூன்சூ சிரித்தானாம். "உன் வண்டி கெழடு, கோசி. கெழட்டு வண்டிக்கு பெட்ரோல் என்ன பண்ணும்?" மூன்றாம் நாள் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது நடுவில் வண்டி நின்றுபோனது. வடக்கே போகும் லாரி. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அடக்கத்துக்கு வந்த ஹூன்சூ முன்வரிசையில் உட்கார்ந்தான். என் தலையில் கைவைத்து, "விதிம்மா" என்றான். அன்றைக்கு நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் கடையில் வேலை பார்த்தவள் ஒருத்தி ஒரு மாதம் கழித்து வந்து சொன்னாள்: முன்வரிசை பாட்டில்கள் ஸெமிக்காரர்களுக்கு, துணி போட்டு மூடிய பின்வரிசை பாட்டில்கள் அவன் வீட்டு வண்டிக்கு. "முன்னாடி இருக்கிறத நம்ம வண்டியில ஊத்திடாதே" என்று மகனிடம் சொல்வானாம். என் அழுகை அன்றோடு நின்றது.

என் தையல் மெஷினை விற்றேன். எல்லையிலிருந்து சரக்கு கொண்டுவரும் ஒருவரைப் பிடித்து, அவன் மேசைக்கு நேர் எதிரே ஒரு மேசை போட்டேன். கலப்பில்லாத பெட்ரோல், அவன் விலையை விட அதிகம். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கைம்பெண் கடையில நெருப்புதான் விக்கும்" என்று சத்தமாகச் சொல்வான். இரண்டாம் வாரம் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்தேன். என் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு, ஆள் விட்டு வாங்கிய அவன் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. என் சொட்டு வெயிலில் பறந்துபோய்த் தாள் பழையபடி வெள்ளையானது. அவனுடையது எண்ணெய்க் கறையாக நின்றது. தாளை மேசைக்கு மேலே கம்பியில் மாட்டினேன். தினமும் ஒரு புதுத் தாள்.

ஸெமிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் தலைவர் பாஸ்கல் தாளை மூக்கருகே வைத்து முகர்ந்தார். "கோசி ஊத்தினதும் இதுதானாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை. நான் பாஸ்கலிடம் இன்னொன்றும் கேட்டேன். ஹூன்சூ வீட்டாரை யாரும் வண்டியில் ஏற்றக் கூடாது. தன் ஆட்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, "கோசிக்காகச் செய்றோம்" என்றார்.

அவன் மேசை காய்ந்ததை நாள்தோறும் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். இனித்தது தம்பி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவனுடைய நல்ல பாட்டில்கள் முதலில் தீர்ந்தன. புதுச் சரக்கு எடுக்க வழியில்லை. முன்வரிசை மட்டும் தூசி படிந்து நின்றது. கடைசியில் தன் வண்டிக்கும் அவன் அதைத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. அவன் மனைவி கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்தாள். நான் வேண்டுமென்றே அவளுக்கு வணக்கம் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஹூன்சூ தன் பைக்கில் வந்தான். பின்னால் மகள் சிகா, நிறைமாசம், அவன் முதுகைக் கட்டிக்கொண்டு முனகினாள். நாற்சந்திக்கு வந்ததும் வண்டி இருமியது, இரண்டு முறை குலுங்கியது, நின்றது. என் மேசைக்குப் பத்தடி தள்ளி. அவன் உதைத்து உதைத்துப் பார்த்தான். மர நிழலில் எட்டு ஸெமிகள் நின்றன. ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சிகாவை என் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என் முன்னால் நின்றான். "அகுவாவி, ஒரு பாட்டில் குடும்மா. இல்லேன்னா யாரையாவது ஏத்திட்டுப் போகச் சொல்லு. பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

அதுவரை அவனை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "என்ன கலந்தே, சொல்லு" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "மண்ணெண்ணெய்."

"எனக்குக் கேக்குது. அவங்களுக்குக் கேக்கலை."

"மண்ணெண்ணெய் கலந்தேன்" என்று கத்தினான்.

"யாரு வண்டில ஊத்தினே?"

"எல்லார் வண்டிலயும்."

"அந்த நாள்ல உன் வண்டில?"

அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். நான் காத்திருந்தேன். சிகா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சொல்லித் தொலைங்க" என்று அழுதாள். "அப்போ என் வண்டில ஊத்தலை" என்றான். பிறகு உன் அண்ணன் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னான். "கோசி வந்து கேட்டான், நான் சிரிச்சேன், கோசி செத்துட்டான்" என்று எட்டுப் பேருக்கும் கேட்கும்படி சொன்னான். சொல்லி முடித்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் பாஸ்கலைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் சிகாவைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

அவனை அங்கே நிறுத்தி வைத்தது பத்து நிமிஷம்கூட இருக்காது என்று பாஸ்கல் சொல்கிறார். சிகாவைக் கேட்டால் வேறு சொல்வாள்.

ஆண் குழந்தை. பிறந்து வெகுநேரம் அழவில்லையாம். முதுகில் தட்டி, குழாய் வைத்து, அப்புறம்தான் சத்தம் வந்ததாம். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று மருத்துவச்சி திட்டினாளாம். வியாழக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். சிகா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை பால் குடிக்கிறது. விரலை நீட்டினால் வலது கையால் பிடிக்கிறது, இடது கையில் பிடிப்பு இன்னும் வரவில்லை. சில குழந்தைகளுக்கு நாளாகும் என்கிறாள் மருத்துவச்சி.

ஹூன்சூ மேசையை எடுத்துவிட்டான். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அவன் கெட்டதற்கு நான் ஒரு பொட்டுகூட வருத்தப்படவில்லை. மறுபடி அதே செவ்வாய்க்கிழமை வந்தாலும் அவன் வாயிலிருந்து உன் அண்ணன் பெயரை வாங்காமல் விடமாட்டேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தது அவன் இல்லை. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பெட்ரோல் விலை இறங்கவில்லை. எல்லாரும் என்னிடம்தான் வாங்குகிறார்கள். அத்தை என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சோறு மட்டும் எடுத்து வைக்கிறார்.

தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வெறுங்கையோடு வா. நம் வீட்டுக்கு முதலில் வா. வரும்போது லிப்ரவில் கடையில் கைக்குழந்தைக்கு ஒரு நல்ல போர்வை, மிருதுவாகப் பார்த்து, வாங்கி வா. யாருக்கு என்று அத்தைக்கு முன்னால் கேட்காதே. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணையாக வா.

உன் அண்ணி,
அகுவாவி.