குட்டை நகம்

ஜன. 4, ஞாயிறு

காலையில் மூடாப்பு. துணி காயவில்லை. உளுந்து ஊறப்போட மறந்தேன்.

பத்து மணிக்குக் குருவிக் கோஷ்டி. ஐந்து பேர், ஐந்து கேமரா. ரிடையர் ஆன பிறகு இவருக்குச் சேர்ந்த கூட்டம். அதில் கல்லூரி டீச்சர் சுகந்தி மட்டும்தான் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். அவள்தான் கேட்டாள். "மேடமும் பறவை பாப்பீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் இவர்: "அவளா? காக்காய்க்கும் கோழிக்குமே வித்தியாசம் தெரியாதும்மா அவளுக்கு."

எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டை நீட்டினேன்.

மூன்று வருஷமாக இவர் படம் எடுத்து வருவார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பில் பார்த்து நான்தான் பெயர் சொல்லுவேன். குரூப்பில் இவர் போடுவார். உடனே 'அருமை சார்', கைதட்டல் பொம்மை. சாதா கதிர்க்குருவியும் சாம்பல் கதிர்க்குருவியும் இவருக்கு ஒன்றுதான். நான் கல்யாணம் வரை அப்பாவின் பிளவுஸ் பிட் கடையில் நின்றவள். சேலையைக் காட்டினால் போதும், இருபது பழுப்பில் அதற்குச் சேரும் பழுப்பை உருவிப் போடுவேன். குருவி எம்மாத்திரம்.

மிச்ச முறுக்கு ஆறு. நமத்துப்போச்சு.

ஜன. 6, செவ்வாய்

நல்ல வெயில். சிலிண்டர் வந்தது.

இவர் இளையரசனேந்தல் போய் வந்தார். உளுந்து எடுத்த கரிசலில் நெட்டைக்காலிக் குருவி, பதினோரு படம். நெட்டைக்காலியில் எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே கோடு, ஒரே நடை. வருஷம் முழுக்க இங்கேயே கிடப்பது வயல் நெட்டைக்காலி. குளிருக்கு வடக்கேயிருந்து வருவது பெரிய நெ. படத்தில் பிரிக்க நான் பார்ப்பது பின்விரல் நகம். பெரிய நெ.க்கு நல்ல நீளம். வயல் நெ.க்குக் குட்டை.

இது குட்டை. வயல் நெ. சந்தேகமே இல்லை.

"ஏட்டி, கொஞ்சம் பெருசாத் தெரியுதே. என்னது?"

"பெரிய நெட்டைக்காலி."

"நெசமாவா?"

"நகத்தப் பாருங்க. எம்புட்டு நீளம்."

கண்ணாடியை ஏற்றிவிட்டு, குனிந்து பார்த்து, "ஆமா ஆமா" என்றார். மண்டு.

24ஆம் தேதி குருவிக் கோஷ்டிக் கூட்டத்தில் இவர் பேச்சு. அதில் இந்தப் படமும் வரும். பதினொன்றில் நகம் நன்றாகத் தெரிகிற ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். அத்தனை பேர் முன்னால் முகம் கறுக்கட்டும்.

ரசம் இன்று நன்றாக அமைந்தது.

ஜன. 13, செவ்வாய்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. வீடெல்லாம் சுண்ணாம்பு.

இவர் பனவடலிசத்திரம் ரோட்டில் வண்டியோடு சரிந்து, முட்டி வீங்கி வந்தார். எண்ணெய் காய்ச்சித் தடவினேன். "நீ இல்லன்னா நான் என்னட்டி செய்வேன்" என்றார். பாவமாகிவிட்டது. அந்தப் படம் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

போன். சுகந்தி. இவர் சொல்கிறார்: "இல்லம்மா, ஒருத்தர்ட்டயும் கேக்கல. அம்புட்டும் நானே உக்காந்து கண்டுபிடிச்சதுதான்." என் கை அவர் முட்டியில் இருக்கும்போதே.

கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். அலறினார். படம் இருக்கட்டும்.

ஜன. 24, சனி

இவர் சட்டை தேய்த்தேன் (நீலம்). பால் நாளைக்கு அரை லிட்டர் போதும்.

"நீயும் வாட்டி" என்றார். போனேன். பட்டுச்சேலை. வேடிக்கை பார்க்கப் போகிறவள் ஏன் சாதாச் சேலையில் போக வேண்டும்? கடைசி வரிசை.

இருபத்தாறு படம். ஒவ்வொன்றின் கீழும் இவர் பெயர். நெட்டைக்காலி வந்தது. கீழே, 'அடையாளம் கண்டவர்: திருமதி கோமதி.'

என் பெயர். மூன்று வருஷத்தில் முதல் தடவை. தப்பு என்று தெரிந்தும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடு.

சுகந்தி எழுந்தாள். "சார், நகம் குட்டையா இருக்கே. இது வயல் நெட்டைக்காலிதானே?"

இவர் முகம் கறுக்கவில்லை. சிரித்தார். மைக்கிலேயே, "நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா, காக்காய்க்கும் கோழிக்கும்..." முடிக்கக்கூட விடவில்லை, அத்தனை சிரிப்பு. தலைகள் என் பக்கம் திரும்பின.

எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்ல? தெரிந்தேதான் தப்பாகச் சொன்னேன் என்றா?

காபி குடிக்கும்போது சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாதீங்க மேடம். புதுசாப் பாக்க ஆரம்பிக்கிற எல்லாருக்கும் வர்ற தப்புதான்."

தலையாட்டினேன். காபியில் சீனி கூடுதல்.

ஜன. 25, ஞாயிறு

பனி. இட்லி, தேங்காய்ச் சட்னி.

கேட்டுவிட்டேன். "அதுக்கு மட்டும் ஏன் எம்பேரு?"

இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "நகத்தப் பாருங்கன்னேல்லா, பாத்தேன். குட்டையாத்தான் தெரிஞ்சுது. எதுக்கு வம்புன்னு உம்பேரப் போட்டேன்."

ஆக, நகம் பார்க்கத் தெரியும். எத்தனை நாளாக? இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினேன்.

கை கழுவி வந்து லேப்டாப்பைத் திறந்தார். "புதுசா நாப்பது இருக்கு. இந்தத் தடவையாவது நல்லாப் பாத்துச் சொல்லு."

முதல் படம் சாதா கதிர்க்குருவி. சரியாகவே சொன்னேன். கீழே தன் பெயரை டைப் செய்தார்.