மூடாத ரிவ்யூ

சனிக்கிழமை.

நானும் நண்பர்களும் எழுதிய நிரல்களை வைத்திருக்கும் எங்கள் வீட்டு கோட் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. ஒருவர் நிரலில் மற்றவர் குறை சொல்லும் ரிவ்யூக்களில், முடித்து மூடியவை மட்டும் தானாகப் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகும்படி இன்று மாலை அமைத்தேன். வேறு டிஸ்க் இல்லை; அந்த டிஸ்க்கும் எந்த நிமிடமும் மண்டையைப் போடும்.

மூடாமல் ஒன்று கிடந்தது. பள்ளி மணியை ஐந்து நிமிடம் முன்னால் அடிக்க, படிக்கும்போது நான் எழுதிய நிரல். கூடப் படித்து, இப்போது பட்டாளத்தில் இருக்கும் சுந்தரபாண்டியத்து முருகேசன், நிரலில் அவன் பேரையும் நான் சேர்த்திருந்ததைப் பார்த்து அதில் எழுதியிருந்தான்: "ஏலே, மாட்டுனா நீ மட்டும் மாட்டு. எம்பேர எடுத்துரு, பொறவு ஓகே சொல்லுதேன்." அன்று எவ்வளவு சிரித்தோம்!

"இதையும் மூடுலே, இடமாவது மிஞ்சும்" என்றாள் அக்கா.

மூடினால் அவன் எழுத்தும் அந்த டிஸ்க்கோடு போய்விடும். மூடவில்லை. கீழே பதில் போட்டேன்: "பேர எடுக்க மாட்டேன்டா. லீவுக்கு வந்து நேர்ல சண்டை போடு."