இறங்காத எண்பது பேர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று கணக்கு டீச்சரின் நாற்காலியில் நான் எதையும் வைக்கவில்லை. அவர் மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஒன்றுமே செய்யாமல் ஒருவரைப் பதற வைக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். பதவி உயர்வு.

அண்ணன் வழக்கம்போல ரசிகர் மன்றத்தில் இருந்தான். மன்றம் என்றால் கட்டடம் இல்லை, போனுக்குள் இருக்கும் ஒரு குழு. எங்கள் கேளிக்கைப் பூங்காவைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடும் ஆயிரத்துச் சொச்சம் பேர். அதற்கு இவன் செயலாளர். பகலெல்லாம் மருந்துக் கிடங்கில் மாத்திரை அட்டை எண்ணுவான், சாயங்காலம் வனப் படகில் எத்தனை யானை என்று ஊருக்கே எண்ணிச் சொல்வான். பதினொன்று. அதில் ஒன்று தண்ணீரைப் பீச்சாது, ஒழுகவிடும். 'சளி பிடித்த யானை' என்று பெயர் வைத்தது நான். மன்றத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். காப்புரிமை கேட்கவேண்டும்.

அந்தப் பூங்காவில் அவன் ஏற முடிந்தது படகு ஒன்றில்தான். சின்ன வயதிலிருந்தே காதுக்குள் ஏதோ கோளாறு. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றி வாந்தி. படகு மட்டும் மெதுவாகப் போகும். பதினாலு நிமிடம், பொய்க் காடு, பொய் அருவி, பொய் முதலை. உண்மையாக இருப்பது அவன் முகம் மட்டும்தான்.

ஜூன் 5, வியாழன்

செய்துவிட்டேன்!

படகு இருக்கும் இடத்தில் ஒரு ராட்சத ரோலர் கோஸ்டர் வருவதுபோல வரைபடம் வரைந்து, தேநீரில் நனைத்து, கசக்கி, மேசை ஓரத்தில் வைத்து யாரோ திருட்டுத்தனமாக எடுத்ததுபோலக் கோணலாகப் படம் எடுத்தேன். 'உள்ளாள்' என்று ஒரு பொய்க் கணக்கு. 'ஆபீஸ் மேசையில் பார்த்தேன், என்னை மாட்டிவிடாதீர்கள்.' ரைடுக்குப் பெயர் 'சூறை'.

சாப்பிடும்போது அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அம்மா கேட்டாள், "என்னடா, போன்ல யாரு செத்தா?"

நாளை சொல்லிவிடுவேன். ஒரு நாள் ஊறட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லவில்லை. சொல்லவிடவும் இல்லை. மன்றம் தீப்பற்றி எரிகிறது.

புதுசு வேண்டும் என்கிற கட்சிக்குத் தலைவன் 'வேகம்' என்று பெயர் வைத்திருப்பவன். முன்னால் 'வி' சேர்த்தாலும் தேறமாட்டான். "பிளாஸ்டிக் யானைக்கு இன்னும் எத்தன வருஷம் தண்ணி ஊத்துவீங்க? எங்க அக்கா பையன் அதுல தூங்கிட்டான்" என்று எழுதியிருந்தான். அண்ணன் பதில்: "தூங்க முடியற ரைடு வேற எங்க இருக்கு, சொல்லுங்க."

ஒரு நர்ஸ் அக்கா எழுதியிருந்தார். படகில் இருக்கும் பதினாலு நிமிடம்தான் வாரத்தில் யாரும் தன்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடாத நேரமாம். அதற்குக் கீழே ஒருவன், "சிஸ்டர், சூப்பர் சிஸ்டர்" என்று போட்டிருந்தான். சிரித்துவிட்டேன்.

வாக்கெடுப்பு: கோஸ்டர் வேண்டும் 71 சதவீதம். நானே வரைந்த கோடு, அதற்கு எழுநூறு பேர் ஓட்டு. தேர்தலில் நிற்கலாம் போல.

ஜூன் 16, திங்கள்

பூங்கா நிர்வாகமே மன்றத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறது. 'ரசிகர்களின் உற்சாகத்தைக் கண்டு' படகு இருக்கும் இடத்தில் புதிய ரைடு அமைப்பது பற்றி யோசிக்கிறார்களாம்.

என் உற்சாகம். தேநீரில் நனைத்த உற்சாகம்.

அண்ணன் உடனே மறுகடிதம் எழுதினான். அதற்கும் பதில் வந்தது: வரும் 28ஆம் தேதி சனிக்கிழமை படகில் ஆயிரத்து எண்ணூறு பேர் ஏறினால் படகு இருக்கும். இல்லையென்றால் இல்லை. சாதாரணச் சனிக்கிழமையில் அறுநூற்று நாற்பது பேர் வருவார்கள்.

"முடியும் வாலு. படகுக்குப் பதினாறு பேர், நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு. நெறஞ்சு ஓடினாப் போதும். நம்மாளுங்க எண்பது பேரு நாள் பூரா மாத்தி மாத்தி ஏறுவோம்" என்றான்.

படம் நான் வரைந்தது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நிர்வாகம் யோசித்ததை யோசிக்காமல் விடுமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 28, சனி

எழுதவேண்டும். எழுதிவிட்டால் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள்.

காலை பத்து மணிக்கு எண்பது பேரும் வந்துவிட்டார்கள். பச்சைச் சட்டை. எனக்கு வேலை பைகளுக்குக் காவல். படகுத்துறை வாசலில் சுற்றும் கம்பிக் கதவு இருக்கிறது, ஒருவர் நுழைந்தால் 'டக்' என்று ஓர் எண் கூடும். அதற்கு நேர் எதிர் பெஞ்சில் பைகளோடு நான்.

படகு விடுகிறவரை எல்லாரும் 'கேப்டன்' என்பார்கள். மன்றத்து ஆட்கள் என்றால் அவருக்கு உயிர். எப்போதுமே ஒரு சுற்று முடிந்ததும், "எதுக்கு எறங்கி ஏறிக்கிட்டு? உக்காருங்க, உங்க வீடு மாதிரி" என்று அப்படியே அடுத்த சுற்று அனுப்பிவிடுவார். அந்தப் படகின் வழக்கமே அதுதான். இன்றும் அதையேதான் செய்தார். அவர்களும் அதையேதான் செய்தார்கள். ஐந்து படகு, எண்பது பேர், யாரும் இறங்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு நான் தற்செயலாகக் கதவைப் பார்த்தேன். எண் 96.

படகுகள் நிறைந்து வருகின்றன, நிறைந்து போகின்றன, கைதட்டல், பாட்டு. எண் 96. வெளியிலிருந்து வருகிற குடும்பங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று திரும்பிப் போகிறார்கள். எண் 96.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை எழுதத்தான் வேண்டும். சிரிப்புதான் வந்தது. படகைக் காப்பாற்ற வந்தவர்கள் படகிலேயே உட்கார்ந்து அதை மூழ்கடிக்கிறார்கள், இதைவிட நல்ல ஜோக் எனக்கு ஜென்மத்தில் கிடைக்காது, சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் போடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்றரைக்கு அண்ணன் வந்தான். சளி யானை நனைத்த தலை. "வாலு, ஒரு சீட்டுகூடக் காலியா போகல, பாத்தியா!" நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவன், சுற்றி இருபது பேர் நிற்க, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். நர்ஸ் அக்கா அவன் முதுகில் தட்டுகிறார். நான் வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா?" என்றுதான் வந்தது.

அப்புறம் மூணு மணி. அப்புறம் நாலு. நேரம் ஆக ஆகச் சொல்ல முடியல. ஏன் அப்பவே சொல்லலன்னு கேப்பான்ல? என்ன சொல்றது— ஜோக்குக்காக வெச்சிருந்தேன்னா?

ஏழு மணி. 307.

ஜூன் 30, திங்கள்

நிர்வாகம் எண்ணிக்கையை அறிவித்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. கேப்டனுக்குத்தான் முதலில் புரிந்திருக்கிறது; அண்ணனுக்கு அவரே போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தான், நானும் கேட்டேன்.

"நான்தான தம்பி உக்காரச் சொன்னேன். எல்லாம் என்னாலதான்."

"இல்ல கேப்டன். நாங்கதான எறங்கல."

நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அழ நல்ல வசதி. வரவில்லை.

ஜூலை 2, புதன்

அண்ணன் நிர்வாகத்திடம் மறுபடி கேட்டுப் பார்த்தான். முடிவு முடிவுதானாம்.

ஜூலை 9, புதன்

ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கடைசிப் படகு. அண்ணன் வாராவாரம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில். பதினாலு நிமிடம். முதலை வாயைத் திறந்தது, மூடியது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் உதடு நம்முடையதுபோல இருக்காதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. ஆனால் யாருக்கோ.

சுற்று முடிந்ததும் கேப்டன் எல்லாரையும் இறங்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

யானைகளை லாரியில் ஏற்றிய படத்தை 'வேகம்' மன்றத்தில் போட்டிருக்கிறான். சிரிப்புப் பொம்மை எதுவும் போடவில்லை. கேப்டனை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் தொப்பி போட்டுக்கொண்டுதான் நிற்கிறாராம்.

வகுப்பில் யாரோ ஒரு பையனின் ஷூ லேஸை பெஞ்சில் கட்டியிருந்தார்கள். டீச்சர் நேராக என்னைப் பார்த்தார். நான் இல்லை. சொன்னாலும் நம்பவில்லை. பரவாயில்லை என்று முட்டி போட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

அம்மா: "என்னடி, ரொம்ப நல்ல பிள்ளையாயிட்ட? ஜுரமா?"

நவம்பர் 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணன் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். முதலில் வரைபடம். "அந்த 'உள்ளாள்' நான்தான்."

திரும்பக்கூட இல்லை. "தெரியும். இவ்வளவு பெரிய தண்டவாளத்துக்கு ஒரு தூண்கூட வரையல. ஆகாசத்துல நிக்குது. வேற யாரு அப்படி வரைவா?"

"எப்போ தெரியும்?"

"ரெண்டாம் நாளே. நீயா சொல்லுவன்னு பாத்தேன்." லேசாகச் சிரித்தான். "அவனுங்க எப்படியும் ஒரு நாள் இடிச்சிருப்பானுங்க, வாலு. உன் படம் வந்துதான்னு இல்ல."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டது அதுவல்லவே.

"அன்னிக்கு நான் கதவுக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன். நம்பர் ஏறல. பாத்தேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணேகால்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"தொண்ணூத்தாறு."

"ஏன் சொல்லல?"

"சிரிப்பா இருந்துச்சு. அப்புறம்... நீ சந்தோஷமா இருந்த."

மேசையில் கிடந்த மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பின்பக்கம் ஏதோ எழுதினான். நாலு வரி இருக்கும். உதடு அசைந்தது. பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அப்பவே சொல்லியிருந்தாலும் ஆயிரத்து அறுநூறுதான் வந்திருக்கும். பத்தாது."

"நெசமாவா?"

"கணக்குதான. பத்தாது. விடு. பெட்டிய அந்தப் பக்கம் தள்ளு, காலர் கருகுது."

அவ்வளவுதான். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த கல், நானில்லாவிட்டாலும் அங்கேயேதான் கிடந்திருக்குமாம். நிம்மதியாக இருக்கவேண்டும். இருக்கும், நாளைக்குள் வந்துவிடும்.

நவம்பர் 3, திங்கள்

வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

'சூறை' இன்று திறந்தார்கள். பெயரையும் என் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். தூண்கள் மட்டும் அவர்களுடையவை, முப்பத்தாறு.

மன்றத்துக்கு முதல் நாள் அனுமதி. செயலாளர் போகாமல் இருக்க முடியாது. இவன் ஏறவும் முடியாது. வெளியே வரும் வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். போகிறவர்கள் எல்லாம் பையையும் கண்ணாடியையும் இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'வேகம்' வந்தான். நேரில் பார்த்தால் ஒல்லிக்குச்சி, என் வயசுதான் இருக்கும். "அண்ணே, இதையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டே பையை நீட்டினான். அண்ணன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மொத்தம் ஏழு பை. பொதி சுமக்கும் செயலாளர்.

"நீ போகலயா?" என்றான் என்னிடம்.

"க்யூ பெருசா இருக்கு."

"பெருசெல்லாம் இல்ல. சீக்கிரம் நகரும்." மேலே ஒரு வண்டி அலறிக்கொண்டு போனது. அண்ணாந்து பார்த்தான். அடுத்தது வரும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "வண்டிக்கு இருபத்தெட்டுப் பேரு. தொண்ணூறு செகண்டுக்கு ஒண்ணு. மணிக்கு ஆயிரத்து நூத்தி இருபது. ஒம்பது மணி நேரத்துக்குப் பத்தாயிரத்து எண்பது. நம்ம படகெல்லாம் இதுகிட்ட நிக்க முடியுமா?"

மூச்சு விடும் நேரத்தில் சொன்னான். பேப்பர் இல்லை, பேனா இல்லை, மடியில் ஏழு பை.

நான் ஏறவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் ஒவ்வொரு முறை வண்டி போகும்போதும் அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருந்தவள், ஓரத்தில் ஒரு கணக்கைப் போட்டேன். இத்தனை நாள் போடவில்லை. அண்ணன் போட்ட கணக்கை யார் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்?

படகுக்குப் பதினாறு பேர். நாலு நிமிடத்துக்கு ஒன்று. மணிக்கு இருநூற்று நாற்பது.

பதினொன்றேகாலிலிருந்து ஏழு வரை ஏழே முக்கால் மணி நேரம். ஆயிரத்து எண்ணூற்று அறுபது.

ஏற்கெனவே இருந்தது தொண்ணூற்றாறு.

1,956. அவர்கள் கேட்டது ஆயிரத்து எண்ணூறு.

இரண்டு முறை போட்டேன். அதேதான் வருகிறது.

"வாலு, டீ ஆறுது" என்று அண்ணன் அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறான். முகம் கழுவிட்டுத்தான் போகணும். கண்ணைப் பாத்தா கேப்பான்.