தண்ணீர் குடிக்காத டீச்சர்மார்

கண்டி ஆஸ்பத்திரி,
11.2.1963

அன்புள்ள சரோஜினி அக்காவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. கல்லை மட்டும் எடுக்கப் பார்த்தார்களாம், முடியவில்லை. இடது பக்கச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். இனி எனக்கு இருப்பது ஒன்றுதான்.

டாக்டர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"காலையில ஒரு கோப்பை டீ. அப்புறம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துதான்."

"ஏன், ஸ்கூல்ல தண்ணி இல்லையா?"

தண்ணீர் இருக்கிறது, பெண்களுக்குக் கக்கூஸ்தான் இல்லை என்று ஓர் ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். இருக்கிற ஒன்றைப் பூட்டி ஹெட்மாஸ்டர் திறப்பைத் தன் பையில் வைத்திருப்பதையும், நாம் கேட்டபோது, "பொம்பளைங்க வீட்டுலயே போயிட்டு வரவேண்டியதுதானே" என்று எல்லார் முன்னாலும் சொன்னதையும் சொன்னேன். ஆறு வருஷம் நீங்களும் நானும் நாக்கை நனைக்காமல் பாடம் நடத்தினோம் என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பையாவது குடிக்க வேண்டுமாம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் உடம்புக்குத் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தமாம். பின்நேரமானால் உங்களுக்குத் தலை இடிப்பதும் இதனால்தானோ என்னவோ. கவனியுங்கள் அக்கா.

கல்வி அதிகாரியின் கந்தோருக்கு ஒரு மனு இதோடு வைத்திருக்கிறேன். நமக்கு ஒரு மலசலகூடம் வேண்டும், அவ்வளவுதான். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டு நீங்களே தபாலில் சேருங்கள். பள்ளியில் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
நூருன்னிஸா


பல்லேபொல,
19.2.1963

அன்புத் தங்கை நூருன்னிஸாவுக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்த அன்றைக்கு எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டு நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இனி அதைப்பற்றிக் கவலைப்படாதேயும்.

உம்முடைய இடத்துக்கு ராசம்மா என்றொரு டீச்சர் வந்திருக்கிறா. நாலு மாதக் கர்ப்பிணி. வந்த முதல் நாளே, "அக்கா, ஒதுங்க எடம் எங்க இருக்குங்க?" என்று கேட்டா. அப்படி ஒரு இடம் இல்லை என்றேன். கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனா.

சனிக்கிழமை உம்மைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
அக்கா சரோஜினிதேவி


மாத்தளை,
2.5.1963

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. இவர் காலையிலேயே ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். இரவு வந்து மூடியைத் திறந்து பார்ப்பார். மிச்சம் இருந்தால் ஏச்சு விழும்.

நீங்கள்தான் வரவில்லை. எத்தனை சனிக்கிழமை வாசலைப் பார்த்தேன் தெரியுமா? வேலை இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கந்தோரிலிருந்தும் ஒரு வரி வரவில்லையே! ராசம்மாவுக்கு இது ஏழாம் மாதமல்லவா? விசாரித்து எழுதுங்கள்.

தங்கை,
நூருன்னிஸா


பல்லேபொல,
10.5.1963

அன்புத் தங்கைக்கு,

கந்தோரில் ஆயிரம் வேலை இருக்கும். கொஞ்சம் பொறும். வீட்டில் இருக்கிற உமக்கு எல்லாம் அவசரமாகத் தெரியும்.

எனக்கு எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் கிடைத்துவிட்டது. அடுத்த கிழமை பயணம். சாமான் கட்டுகிற அவசரத்தில் மாத்தளைக்கு வர முடியாது, குறை நினையாதேயும். சிபாரிசு எழுதித் தந்தது ஹெட்மாஸ்டர்தான். நாங்கள் நினைத்த அளவுக்கு அவர் மோசமான மனிதரில்லை.

புது விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சரோஜினிதேவி


மாத்தளை,
18.6.1963

சரோஜினிதேவி டீச்சருக்கு,

விலாவில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, கந்தோருக்கு நானே போனேன். கிளார்க் பைலைப் புரட்டிவிட்டு, "உங்க மனுன்னு ஒண்ணும் வரலீங்களே, டீச்சர்" என்றார்.

எனக்குத் தெரியாமலே டாக்டர் கந்தோருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாராம். கந்தோர் அதைப் பள்ளிக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறது. வந்த பதிலைக் கிளார்க் காட்டினார். 'பெண் ஆசிரியைகளுக்கு இங்கு ஒரு குறையும் இல்லை. நூருன்னிஸா டீச்சருக்கு முன்பிருந்தே உள்ள நோய்.' கீழே உங்கள் கையெழுத்து. மார்ச் நாலாம் திகதி. நான் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்களை எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"இது அந்த டீச்சர் எழுதினதுதானுங்களா?" என்று கேட்டார். ஆறு வருஷம் பக்கத்து மேசையில் பார்த்த எழுத்து. ஆமாம் என்றேன்.

ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பெயரை விட்டுவிட்டுத் தனியாக எழுதியிருப்பேன். நான் ஒன்றும் கோபித்திருக்க மாட்டேன். போட்டுவிட்டேன் என்று ஏன் எழுதினீர்கள்? நாலு மாதம் நான் நிம்மதியாகத் தூங்கினேனே!

ராசம்மா போன கிழமை நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாக விழுந்துவிட்டாள். பிள்ளைக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். நான் புது மனுவோடு அவளைப் பார்க்கப் போனேன். "கையெழுத்துப் போட்டா வேலைக்கு ஆபத்து வரும்" என்று ஹெட்மாஸ்டர் அவளிடம் சொல்லியிருந்தாராம். "குடுங்கக்கா" என்று வாங்கி, படுக்கையிலிருந்தே போட்டாள். என்னை அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நேற்றுக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து மலசலகூடத்துக்கு இடம் அளந்துவிட்டார்கள். கட்டி முடியும்வரை பழைய கக்கூஸின் திறப்பு எல்லார் கைக்கும் எட்டுகிற ஆணியில் தொங்க வேண்டும் என்று உத்தரவு.

உங்கள் ஊர்ப் பள்ளியில் வசதிகள் இருக்கும் என்று நம்புகிறேன். வேண்டிய மட்டும் தண்ணீர் குடியுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி இ. நூருன்னிஸா
உதவி ஆசிரியை