வைஃபை கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சிஸ்டர் ஜெஸ்லினுக்கு, சேசுவுக்குத் தோத்திரம் சொல்லி அப்பா சவரிமுத்து எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியாமல் அழுததாக எழுதியிருந்தாய். உங்கள் மடத்துச் சட்டம் எனக்குத் தெரியும், மக்கா. முப்பதாம் நாள் பூசைக்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். பாத்திரக்கடையைத் திறந்துவிட்டேன். எதிர்வீட்டு ரசீதா சாப்பாடு கொடுத்துவிடுகிறாள். வேண்டாமென்றால் கேட்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவின் உதடு அசைந்ததே, என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். அதற்குமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போனில் காட்டினால் அம்மாவுக்கு முகம் தெரியாது. கண் அவ்வளவு மங்கியிருந்தது. அதனால்தான் ஸ்கூலில் உனக்குக் கொடுத்த லேப்டாப்பை எடுத்தேன். அதில் வைஃபை பழுது. "அண்ணாச்சி, ஒரு யு.எஸ்.பி. அடாப்டர் மாட்டினா போதும், ரசீதாக்கா வீட்டு வைஃபைய பிடிச்சிக்கிடலாம்" என்று கம்ப்யூட்டர் கடை மாரிக்கண்ணன் விரல்நுனி அளவில் ஒன்றைத் தந்தான்.

மாட்டினால், லேப்டாப் அதைப் பென்டிரைவ் என்று நினைத்துக்கொண்டு அதிலுள்ள ஃபைல்களைத் திறந்து காட்டியது. கடைக்குப் போய்க் கேட்டால், அதெல்லாம் விண்டோஸுக்கு உள்ளதாம். உன் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ், அடாப்டரை அதில் இயக்கும் டிரைவர் ஃபைல் தனி என்றான் மாரிக்கண்ணன். பென்டிரைவில் ஏற்றித் தந்தான். அவன் சொன்னதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். எரர். மறுபடி கடைக்கு ஓடினேன். இந்த லினக்ஸுக்குப் பொருந்தும் இன்னொரு ஃபைலும் வேணுமாம். கொண்டுவந்து போட்டால் வேறொரு எரர். உள்ளே அம்மா, "பிள்ள வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

உன்னோடு பேச உங்கள் மடத்து மதர் அனுமதித்த நேரம் தொடங்கியும் சரியாகவில்லை. மாரிக்கண்ணனே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். திரையில் அந்தப் பொய்ப் பென்டிரைவை எஜெக்ட் பண்ணி நீக்கிவிட்டு, டிரைவரை மறுபடி ஏற்றிப் பார்த்தான். அடாப்டரில் நீல விளக்கு மினுக்கியது. ரசீதா வீட்டு வைஃபை பெயர் வந்ததும் நான் கத்தியே விட்டேன். நேரம் கொஞ்சம்தான் மிச்சம். உன் முகம் வந்தது. சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் வரவில்லை.

அம்மா கும்பிட்டதை உனக்குக் கொடுத்த ஆசீர்வாதம் என்று எழுதியிருக்கிறாய். முக்காட்டில் அவளுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை, மக்கா. யாரோ கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட்டாள். "சிஸ்டர், எம் மவ ஜெஸ்லின் ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போகணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க" என்றாள். "ஏட்டி, அதுதான் உன் மவ" என்று காதில் சொன்னேன். அதற்குள் நேரம் முடிந்து நீ போய்விட்டாய். "எங்க?" என்று கையால் திரையைத் தடவினாள்.



இதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை, கிழித்துவிட்டேன்.

சத்தத்தையும் சரிபண்ணித் தருதேன் என்று மாரிக்கண்ணன் நேற்று வந்து நின்றான். இனி என்னத்துக்குப்பா என்று சொல்லி அனுப்பினேன். அவன் முகம் வாடிவிட்டது. பாவம், அவன் என்ன செய்வான்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். அம்மா உன்னிடம் கேட்ட ஜெபத்தை, அவள் போய்விட்டாள் என்று சொல்லாமல் விட்டுவிடாதே.

உன் அப்பா,
சவரிமுத்து.